பிரிந்தார் கூடிய வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. வென்றவன் யார், தோற்றவன் யார், ஆண்ட காலம் எத்துணை, கட்டிய கோட்டை எது என்று கற்பதே வரலாற்றுக் கல்வி எனப் பள்ளிப் பருவத்தில் நாம் எண்ணியிருந்தோம். ஆயின், இருவர் கூடிச் செய்த பணியும், அவர்தம் நட்பும், அந்நட்பில் நேர்ந்த முறிவும், பின்னர் அவர்கள் மீண்டும் கூடிய செய்தியும் வரலாறே ஆகும். மன்னர் வரலாற்றினும் இவ்வரலாறே நம் போன்ற எளிய குடும்பத்தாருக்கு நெருங்கிய பயன் தருவது. ஆதலின், மெல்லிசை மன்னர்கள் என்று நாடு போற்றிய விசுவநாதன், இராமமூர்த்தி ஆகிய இருவர் கூடிய கதையையும், பிரிந்த கதையையும், மீண்டும் கூடிய கதையையும் இவ்வாண்டு மலரில் நம் காலனிப் பெருமக்கள் முன் வைக்க விழைகிறேன்.

விசுவநாதன் 1928-ஆம் ஆண்டு சூன் திங்கள் 24-ஆம் நாள் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, கண்ணூரில் பாட்டனார் ஆதரவில் வளர்ந்தார். நீலகண்ட பாகவதர் என்பாரிடம் இசை பயின்றார். சினிமாக் கொட்டகையில் தின்பண்டம் விற்றுக்கொண்டே திரையில் ஒலித்த பாடல்களைக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டவர் அவர். பின்னர் ஜூபிடர் பட நிறுவனத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடுவின் நிழலில் ஒதுங்கித் தொழில் கற்றார்.

இராமமூர்த்தியோ இசைக்குடியில் தோன்றியவர். 1922-ஆம் ஆண்டு மே திங்கள் 15-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். வயலின் வித்துவான் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை அவருக்குப் பாட்டனார். தந்தையார் கிருஷ்ணசாமிப் பிள்ளையும் வயலின் வித்துவானே. சிறு வயதிலேயே கச்சேரி மேடை ஏறி, பின்னர் இசைத்தட்டு நிறுவனத்திலும் திரைப்படத்துறையிலும் வயலின் வாசித்தார். ஒருவருக்குப் பரம்பரைச் செல்வமாக வந்த இசை, மற்றவருக்குப் பசியோடு தேடிப் பெற்ற இசையாயிற்று. இவ்விருவரும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தது சி. ஆர். சுப்பராமன் என்ற மேதையின் இசைக்குழுவில் ஆகும். அங்கே இராமமூர்த்தி வயலினும் விசுவநாதன் ஆர்மோனியமும் வாசித்தனர்.

சுப்பராமன் 1952-ஆம் ஆண்டு தமது 28-ஆம் வயதில் திடீரெனக் காலமானார். "தேவதாஸ்" முதலிய படங்கள் அப்போது முடியாமல் நின்றன. தலைவனை இழந்த குழு கலைந்து போவதே உலக வழக்கம். இவர்களோ கலையவில்லை. இருவரும் சேர்ந்து, நின்றுபோன பணியை முடித்துக் கொடுத்தனர். துக்க வீட்டில் தொடங்கிய கூட்டுறவு அது என்பதை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும். இலாபத்தைக் கருதி அவர்கள் கூடவில்லை. குருவின் கடனை அடைக்கவே முதற்கண் கூடினர்.

அதே 1952-இல் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தாம் இயக்கிய "பணம்" என்னும் படத்துக்கு இருவரையும் இசையமைப்பாளர்களாக்கினார். யார் பெயரை முன்னே எழுதுவது என்ற வினா எழுந்தது. இராமமூர்த்தி ஆறாண்டு மூத்தவர். ஆயினும் இளையவரை முன்னே நிறுத்தி, மூத்தவர் பின்னே நின்று தாங்குதலே பொருத்தம் என்று கலைவாணர் தீர்ப்பளித்ததாகச் சொல்வர். அன்று முதல் "விசுவநாதன்–இராமமூர்த்தி" என்ற பெயர் தமிழ்நாட்டுச் சுவர்களிலெல்லாம் ஒட்டப்பட்டது. மூத்தவர் தம் பெயர் பின்னே வருவதற்கு இசைந்தார் என்பது சிறிய செய்தியன்று. ஓர் அழைப்பிதழில் பெயர் முன்பின்னாக அச்சாகிவிட்டதென்று ஆண்டுக்கணக்கில் பேசாதிருப்பவர்களை நாம் அறிவோம் அல்லவா?

பின்னர் வந்த ஆண்டுகள் தமிழ்த் திரையிசையின் பொற்காலம் எனப்படுவன. "மாலையிட்ட மங்கை" (1958), "பாகப்பிரிவினை" (1959), "பாவமன்னிப்பு", "பாசமலர்", "பாலும் பழமும்" (மூன்றும் 1961), "ஆலயமணி", "நெஞ்சில் ஓர் ஆலயம்" (இரண்டும் 1962), "கர்ணன்", "காதலிக்க நேரமில்லை", "புதிய பறவை" (மூன்றும் 1964) என்று பட்டியல் நீளும். கவிஞர் கண்ணதாசனின் சொல் இவர்தம் மெட்டில் ஏறியபோது பாட்டறியாதவரும் பாடலாயினர். "கர்ணன்" படத்தில் வடநாட்டு இராகங்களைத் தமிழ்ச் செவிக்கு இனிதாக்கினர். "காதலிக்க நேரமில்லை" படத்தில் மேனாட்டுத் தாளங்களைத் தமிழுக்கு ஏற்ப வளைத்தனர். கர்நாடக இசையின் ஆழம், கேட்டதும் மனத்தில் ஒட்டும் மெட்டு, பல வாத்தியங்களை ஒழுங்குபடுத்தி ஒலிக்கச் செய்யும் திறம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியதே இவர்தம் வெற்றியின் காரணம். 1963-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி கல்சுரல் அகாடமி எடுத்த விழாவில் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் முன்னிலையில் "மெல்லிசை மன்னர்கள்" என்ற பட்டம் இருவருக்கும் வழங்கப்பெற்றது. அப்பட்டம் பன்மையில் அமைந்தது கருதற்பாலது.

மைசூரில் வாழும் தமிழருக்கு இப்பாடல்களை இல்லந்தோறும் கொணர்ந்து சேர்த்தது வானொலியே. "ஆகாசவாணி" என்னும் பெயரே நம் ஊரில் தோன்றியது; பேராசிரியர் கோபாலசாமி 1935-இல் இங்கே தொடங்கிய நிலையத்துக்கு அப்பெயர் வழங்கி, பின்னர் நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. தாய்நாட்டை விட்டுப் பிழைப்புக்காக வந்த குடும்பங்களுக்கு, இலங்கை வானொலியில் மாலையில் ஒலித்த தமிழ்ப் பாடலே ஊரை நினைவூட்டிய உறவாய் இருந்தது. அப்பாடல்களோடு ஒலித்த இரட்டைப் பெயரும் நம் வீட்டுப் பெயர்போல் ஆயிற்று.

அத்தகைய பெயர் 1965-ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிந்தது. அவ்வாண்டு வெளிவந்த "ஆயிரத்தில் ஒருவன்" அவர்கள் சேர்ந்து அமைத்த கடைசிப் படங்களுள் ஒன்று. அப்படத்தை இயக்கியவர் பழைய மைசூர் இராச்சியத்துக் கோலார்ப் பகுதியைச் சேர்ந்த பி. ஆர். பந்துலு என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. பிரிவின் காரணம் இன்னதென்று பலர் பலவாறு கூறுவர். புகழில் யார் பங்கு மிகுதி என்ற பேச்சு என்பார் சிலர்; இடையில் நின்றவர் மூட்டிய கலகம் என்பார் வேறு சிலர். அவற்றைத் துருவி ஆராய்வது நம் வேலையன்று. நண்பர் பிரிவில் நீதிபதியாக அமர விரும்புவோர் பலர்; தூது செல்ல விரும்புவோர் சிலரே.

பிரிவுக்குப் பின் இருவர் வாழ்வும் ஒரே சீராய் அமையவில்லை. விசுவநாதன் "அன்பே வா" (1966), "உலகம் சுற்றும் வாலிபன்" (1973), "அபூர்வ ராகங்கள்" (1975) என ஏறுமுகமாகவே சென்றார். நம் சங்க விழாக்களில் எழுந்து நின்று நாம் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தின் மெட்டும் 1970-இல் அவர் அமைத்ததே. இராமமூர்த்தியோ "சாது மிரண்டால்", "தேன் மழை" (இரண்டும் 1966), "நான்" (1967), "தங்கச் சுரங்கம்" (1969) முதலிய படங்களில் தம் திறமையை ஐயத்துக்கு இடமின்றி நாட்டினார். ஆயினும் தனித்து அவர் இசையமைத்த படங்கள் இருபதுக்கும் குறைவே. தோழர் இருவரில் ஒருவர் உயர்ந்து, மற்றவர் ஒதுங்க நேரின், பழைய மனத்தாங்கல் பன்மடங்காகப் பெருகுவது மனித இயல்பு. உயர்ந்தவர்க்குக் கூச்சமும் ஒதுங்கியவர்க்குக் கசப்பும் வந்து சேர்ந்து, இடையே சுவர் எழும்பும். அச்சுவருக்கு இருபுறமும் முப்பதாண்டுகள் கழிந்தன. சேர்ந்திருந்த காலமோ 13 ஆண்டுகளே.

இத்தகைய முறிவு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. வடநாட்டில் 1949-இல் "பர்சாத்" படத்தின் வாயிலாகப் புகழ்பெற்ற சங்கர்–ஜெய்கிஷன் இரட்டையரின் கதை வேறு விதமானது. 1960-களில் இருவருக்கும் மனவேறுபாடு தோன்றித் தனித்தனியே மெட்டமைத்தனர். ஆயினும் படத்தில் இரட்டைப் பெயரே வெளிவந்தது. 1971-இல் ஜெய்கிஷன் இளவயதில் இறந்தார். அதன் பின்னும் சங்கர், தாம் 1987-இல் காலமாகும் வரை, இரட்டைப் பெயரை விட்டாரில்லை. பெயர் பிரியாமலே உள்ளம் பிரிந்த கதை அது. கூடிப் பேச வேண்டிய காலத்தை எமன் பறித்துக்கொண்டான்.

மேனாட்டிலும் ஒரு சான்று காண்போம். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் தம் துயரைப் பாடிய பாட்டுக்கு "புளூஸ்" என்று பெயர். அதனை மின்சாரக் கிட்டாரிலும் பெருமுழக்கத்திலும் ஏற்றி இலண்டன் நகரில் 1966-இல் "கிரீம்" என்றொரு குழு தோன்றியது. எரிக் கிளாப்டன் கிட்டாரும், ஜாக் புரூஸ் பேஸ் கிட்டாரும், ஜிஞ்சர் பேக்கர் டிரம்ஸும் வாசித்தனர். மூவரும் வல்லவர், அவருள் புரூசுக்கும் பேக்கருக்கும் முன்பிருந்தே ஆகாது. ஈராண்டுகளில் குழு முறிந்தது. 1968 நவம்பரில் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் விடைபெறும் கச்சேரி செய்தனர். முப்பத்தாறு ஆண்டுகள் கடந்து 2005 மே திங்களில் அதே மண்டபத்தில் மூவரும் மீண்டும் கூடி நான்கு இரவுகள் வாசித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க்கிலும் வாசித்தனர். அங்கே பழைய பூசல் மறுபடியும் தலைதூக்கியது. அத்துடன் அக்குழு மேடை ஏறவில்லை. புரூஸ் 2014-இலும் பேக்கர் 2019-இலும் மறைந்தனர். மேடையில் கூடுதல் எளிது. மனத்தில் கூடுதல் அரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நம் மைசூரிலோ முற்றிலும் வேறான காட்சி ஒன்று உண்டு. சிவராம்பேட்டையில் பிறந்த உடன்பிறந்தார் இராஜன்–நாகேந்திரா, மெல்லிசை மன்னர்கள் தோன்றிய அதே 1952-ஆம் ஆண்டில் "சௌபாக்கிய லட்சுமி" என்னும் கன்னடப் படத்துக்கு முதன்முதலாக இசையமைத்தனர். "கந்தத குடி" (1973), "எரடு கனசு" (1974), "பயலு தாரி" (1976) முதலிய படங்களின் பாடல்கள் இன்றும் நம் அண்டைவீட்டார் வாயில் ஒலிப்பன. 2000-ஆம் ஆண்டில் இளையவர் நாகேந்திரா மறையும் வரை அவ்விணை பிரியவில்லை. மூத்தவர் இராஜன் 2020-இல் காலமானார். உடன்பிறப்பு கட்டிய கயிறு அறாது நின்றது என்று இதற்குக் காரணம் சொல்லலாம். ஆயின் உடன்பிறந்தாரே சொத்துக்காக வழக்கு மன்றம் ஏறுவதை நாம் காண்கின்றோம். ஆதலின் இரத்தம் மட்டும் கட்டாது. நாள்தோறும் ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்தலே கட்டும் என்பது தெளிவு. பாரம் மிகுந்த வண்டிக்கு இரண்டு எஞ்சின் பூட்டுவதை இரயில்வேக் குடும்பத்தார் அறிவர். இரு டிரைவர்களும் ஒருவர் குறிப்பை ஒருவர் அறிந்து இயக்கினால்தான் வண்டி மேட்டில் ஏறும்.

இனி, முறிந்த நட்பு மீண்ட செய்திக்கு வருவோம். 1995-ஆம் ஆண்டில் சந்தான பாரதி இயக்கத்தில் சத்யராஜ் நடித்து "எங்கிருந்தோ வந்தான்" என்றொரு படம் வெளிவந்தது. அதன் இசைக்கு நேராக மீண்டும் அந்தப் பழைய இரட்டைப் பெயர் இடம் பெற்றது. அப்போது விசுவநாதனுக்கு அகவை 67, இராமமூர்த்திக்கு 73. தமிழ்த் திரையில் அதற்குள் இரண்டு தலைமுறை இசை மாறிவிட்டது. இளையராஜாவின் காலம் வந்து, ஏ. ஆர். ரகுமானின் காலமும் தொடங்கியிருந்தது. ஆதலின் அப்படத்தின் பாடல்கள் "பாசமலர்" பாடல்களைப்போல் பட்டிதொட்டியெங்கும் பரவவில்லை. இதனைக் கொண்டு, "முப்பதாண்டு கழித்துக் கூடியும் என்ன பயன்?" என்று வினவுவாரும் உளர்.

அவ்வினாவுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். பிரிந்தார் கூடும்போது பழைய பாட்டும் பழைய ஊக்கமும் திரும்பி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது இரசிகர்களின் ஆசை. காலம் எடுத்துச் சென்றதை எவரும் மீட்டல் இயலாது. ஆயின் உறவை மீட்டல் இயலும். அம்முதியவர் இருவரும் ஒரே அறையில் அமர்ந்து, ஒருவர் ஆர்மோனியத்தைத் தொட மற்றவர் செவி சாய்த்தபோதே அக்கூட்டம் தன் பயனைப் பெற்றுவிட்டது. படம் ஓடியதும் ஓடாததும் அதற்குப் புறம்பான கணக்கு. அப்படத்துக்குப் பின் 18 ஆண்டுகள் இருவரும் உயிருடன் இருந்தனர். மேடைகளில் ஒருங்கே அமர்ந்தனர். 2012-ஆம் ஆண்டில் தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் ஒரே விழாவில் "திரை இசைச் சக்கரவர்த்தி" என்ற பட்டமும் பொற்காசுகளும் வழங்கினார். 1963-இல் ஒரு பட்டத்தைச் சேர்ந்து பெற்ற தோழர்கள், அரை நூற்றாண்டு கழித்து மறுபட்டத்தையும் சேர்ந்தே பெற்றனர். இடையில் 1995-இல் கூடியிராவிடின் அம்மேடையில் இரு முதியவர் இரு மூலையில் முகம் திருப்பி அமர்ந்திருப்பர்.

அடுத்த ஆண்டே, 2013 ஏப்ரல் 17-ஆம் நாள், இராமமூர்த்தி மறைந்தார். அதற்கு மூன்று நாள் முன்னர், இவர்தம் மெட்டுகளைத் தமிழிலும் இராஜ்குமாருக்காக எண்ணற்ற பாடல்களைக் கன்னடத்திலும் பாடிய பி. பி. ஸ்ரீநிவாஸ் மறைந்திருந்தார். தமிழரும் கன்னடரும் ஒரே வாரத்தில் துக்கம் காத்தனர். விசுவநாதன் 2015 சூலை 14-ஆம் நாள் காலமானார். தம்மை வளர்த்த சுப்பையா நாயுடுவை அவர்தம் முதுமையில் சொந்த இல்லத்தில் வைத்துப் பேணியவர் விசுவநாதன். பழைய கடனை மறவாத அந்நெஞ்சம் பழைய நண்பரை மட்டும் மறந்திருக்குமோ? முப்பதாண்டு மூடிக்கிடந்த கதவுக்குத் தாழ் மட்டுமே இருந்தது, பூட்டு இருந்ததில்லை.

வள்ளுவப் பெருந்தகை நட்பைப் பற்றி ஓர் அதிகாரம் பாடியதோடு அமையவில்லை. அடுத்து நட்பாராய்தலையும், அதன்பின் "பழைமை" என்று தனியே ஓர் அதிகாரத்தையும் வைத்தார். நெடுநாள் பழகியவர் உரிமையால் செய்யும் பிழையைப் பொறுத்தலே அதன் பொருள். புதிய நண்பரைத் தேர்ந்தெடுக்க ஆராய்ச்சி வேண்டும். பழைய நண்பரைக் காத்துக்கொள்ளப் பொறுமை வேண்டும். இவ்விரண்டையும் நாம் இடம் மாற்றிக் கொள்கின்றோம். புதியவரிடம் பொறுமையும் பழையவரிடம் ஆராய்ச்சியும் காட்டுகின்றோம். நட்பு முறிவதற்கு இதுவே பெரிய காரணம்.

நம் சங்கத்து மேடையிலும் ஒரு காலத்தில் சிறு மெல்லிசைக் குழு ஒன்று இருந்தது என்பதை மூத்த உறுப்பினர் அறிவர். பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் வெளியாரை அழைக்க வேண்டிய தேவை அக்காலத்தில் இருந்ததில்லை. பணி முடிந்து வந்து, இரவு பத்து மணி வரை ஒத்திகை பார்த்து, சம்பளமின்றி வாசித்தவர்கள் அவர்கள். ஏதோ ஒரு சொல் தடித்தது, குழு கலைந்தது. அவருள் சிலர் மாற்றலாகிச் சென்றனர். ஒருவர் இவ்வுலகை விட்டே சென்றார். எஞ்சியோர் இன்றும் இதே காலனியில், இரண்டு தெரு இடைவெளியில், ஒரே கடையில் காய்கறி வாங்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் காணாதவர்போல் நடக்கின்றனர். அவர்கள்தம் மக்கள் சேர்ந்தே பள்ளிக்குச் செல்கின்றனர் என்பது ஓர் ஆறுதல்.

இரயில்வேக் குடியிருப்பில் வாழும் நமக்கு ஒரு கணக்கு உண்டு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தல் வேண்டும். ஒருவர் திருச்சிக்குச் செல்வார், ஒருவர் சேலத்துக்குச் செல்வார், பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊருக்குச் செல்வார் ஒருவர். அதன்பின் கூடுவதென்றால் கடிதமும் பயணமும் வேண்டும். முதுமை இரண்டுக்கும் இடையூறு செய்யும். மெல்லிசை மன்னர்களுக்குக் காலம் 30 ஆண்டுகள் பிரிவுக்கும் 18 ஆண்டுகள் கூடுதலுக்கும் தந்தது. எல்லார்க்கும் அத்துணை நீண்ட தவணை கிடைப்பதில்லை. சங்கரும் ஜெய்கிஷனும் பெறாத தவணை அது.

ஆதலின் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் அப்பழைய குழுவினரை அழைத்து, ஒரே ஒரு பாடலேனும் வாசிக்கச் செய்தல் வேண்டும். சுருதி விலகலாம்; விரல்கள் தடுமாறலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. யார் முதலில் யார் வீட்டுக்குச் சென்று அழைப்பது என்ற வினா எழுமாயின், கலைவாணர் காட்டிய வழி இருக்கவே இருக்கின்றது. மூத்தவர் ஓர் அடி பின்னே நிற்க இசைந்தால், இளையவர் தாமே முன்வந்து வணங்குவார். ஆர்மோனியப் பெட்டி இன்னும் சங்க அலுவலகத்து அலமாரியின் மேல்தான் இருக்கின்றது. அதனைத் துடைத்து வைக்கும் பொறுப்பை நான் ஏற்கின்றேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!